காரைத் தாழ்த்தாமல் ட்ராக்கில் ஓட்ட: அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் எடுக்கப் போகிறவர்களுக்கு

கட்டுக்குருந்தைக்குப் போய் ரேஸ் பார்த்துவிட்டு வந்த தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்தக் கொயிலோவர் போடலாம், எவ்வளவு இறக்கலாம்?" கொயிலோவர் என்றால் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் சொக்கும் (ஷொக் அப்சோபர்) சேர்ந்த செற். முதல் பாதிக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவது பாதிக்குப் பதில் இப்போதே சொல்லிவிடுகிறேன். இறக்காதீர்கள்.

மட்டக்களப்பில் இருந்து கட்டுக்குருந்தைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். நம்மில் யாரும் காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோவதில்லை, அதே காரில்தான் ஓடிப் போகிறோம், ஓடி முடித்து அதே காரில்தான் வீடு வருகிறோம். திங்கட்கிழமை அந்தக் கார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும், சனிக்கிழமை மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், வட்டைப் பக்கம் கிரவல் பாதையில் இறங்கி, திரும்பும்போது பின்னால் இரண்டு மூட்டை அரிசியோடு வரும். மாரியில் எத்தனை இடத்தில் வெள்ளம் றோட்டுக்கு மேலால் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் முதலில் வாங்கிய செற் காரை 40 மில்லிமீற்றர் இறக்கியது. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது கிழமை வெல்லாவெளிப் பக்கம் ஒரு கிடங்கில் விழுந்து முன் சொக் ஒன்றின் சீல் போய் ஒயில் கசிந்தது. அதற்கு முன்பே ட்ராக்கில் ஒரு வளைவின் நடுவில், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தபடி இருக்கும்போதே, முன்பக்கம் திடீரெனப் பிடிப்பை விட்டு நேராக வழுக்கியது. இரண்டையும் வேறு வேறு பிரச்சினை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். சில்லு மேலே ஏற இடம் இல்லாமல் பம்ப் ஸ்டொப்பரில், அதாவது சொக் முழுதும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில், போய் முட்டியிருக்கிறது. கிடங்கில் முட்டினால் சாமான் உடையும். வளைவில் முட்டினால் ஸ்பிரிங் ஒரே நொடியில் கல்லாகி, டயர் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் வழுக்கிவிடும்.

ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது சில்லு மேலும் கீழும் போய்வரும் தூரத்தையும், அந்த ஆட்டத்தை அடக்கும் சொக்கையும்தான். அந்தத் தூரத்தை இனி ட்ராவல் என்றே எழுதுகிறேன்.

தாழ்த்தினால் வளைவில் நல்லது என்கிறார்களே?

பாரம் தாழ இருந்தால் நல்லது என்பது உண்மைதான். ரேஸுக்கென்றே கட்டிய காரில் அதற்கேற்ப ஆர்ம், ஜொயின்ட் எல்லாவற்றையும் மாற்றித்தான் இறக்குவார்கள். நம்மிடம் இருப்பவை ஸ்விஃப்ட், விட்ஸ், ஃபிட், கொரோலா போன்றவை. இவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் சொக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. இந்த அமைப்பில் காரை இறக்கும்போது கீழே சில்லைக் காரோடு இணைக்கும் லோவர் ஆர்ம், சில்லுப் பக்கம் மேலே தூக்கியபடி சாய்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். ஆர்ம் சாயச் சாய அந்தப் புள்ளி கீழே போகும், அதுவும் கார் இறங்கிய அளவைவிட வேகமாகப் போகும். பாரம் கொஞ்சம் இறங்கியது, ரோல் சென்டர் அதைவிட நிறைய இறங்கியது என்றால், இரண்டுக்கும் இடையே உள்ள நெம்புகோல் நீளுகிறது. அதே ஸ்பிரிங்கோடு கார் முன்பைவிட அதிகமாகச் சரியப் பார்க்கும். ட்ராவலையும் இழந்து சரிவையும் கூட்டிக்கொள்கிறோம். இது போதாதென்று ஸ்டியரிங்கில் இருந்து சில்லைத் திருப்பும் டை ரொட்டின் கோணமும் மாறிவிடுவதால், கிடங்கில் விழும்போது சில்லு தானாகவே கொஞ்சம் திரும்பும்.

1990களின் ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள டபிள் விஷ்போன், அதில் கணக்கு வேறு. ஆனாலும் ட்ராவல் குறையும் என்ற பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஃபொக்ஸ்ஹில் போன்ற மண் தளத்தில் ஓட நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. மண்ணுக்கு இன்னும் உயரம், இன்னும் நீளமான சொக் வேண்டும், அது தனிக் கதை.

முதலில் உங்கள் காரை அளந்து பாருங்கள்

எதையும் வாங்கும்முன் ஒரு கொப்பியும் மீற்றர் டேப்பும் எடுங்கள். சில்லின் நடுப்புள்ளியில் இருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். நிலத்தில் இருந்து அளக்க வேண்டாம், டயர் காற்று கூடிக் குறைந்தால் அந்தக் கணக்குப் பிழைத்துப்போகும். மட்டமான இடம் வேண்டுமே என்றால், நான் அளப்பது தெரிந்த ஒருவரின் அரிசி ஆலையில், நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபைப் பிடித்து நாலு சில்லும் நிற்கும் இடம் ஒரே மட்டமா என்று பார்த்தேன், தண்ணீர் வழிந்தோட ஒரு பக்கம் லேசான சரிவு இருந்தது, அதற்கு ஏற்ற மாதிரி காரை நிறுத்தும் இடத்தை மாற்றிக்கொண்டேன். பெற்றோல் அரைத் தாங்கி, சாரதி இருக்கையில் உங்கள் எடையுள்ள ஒருவர். ஒவ்வொரு முறையும் இதே நிலையில்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது, பின்பக்கம் எப்படி என்று குனிந்து பாருங்கள். ஸ்விஃப்ட், விட்ஸ், ஃபிட் பெரும்பாலானவற்றில் பின்னால் டோர்ஷன் பீம் (இரண்டு பின் சில்லையும் இணைக்கும் ஒரே சட்டம்), கொரோலா 121 இலும் அப்படித்தான், பழைய 110 இல் பின்னாலும் ஸ்ட்ரட். ஸ்விஃப்டில் பின் ஸ்பிரிங் வேறாகவும் சொக் வேறாகவும் நிற்கும். அப்படியான காருக்கு "நாலும் கொயிலோவர்" என்று விளம்பரம் இருந்தாலும், பின்னால் வருவது ஸ்பிரிங்கின் கீழே உயரம் மாற்றும் ஒரு திருகும், தனியாக ஒரு சொக்கும்தான். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அந்தக் காருக்கு அதுதான் முறை.

கடைசியாக, இருக்கிற சாமானின் நிலை. லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருந்தால், போல் ஜொயின்ட் ஆடினால், என்ன விலைக்கு எந்த ஜப்பான் சொக் போட்டாலும் கார் மிதக்கும். நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் இல்லாவிட்டால் சஸ்பென்ஷனுக்கு வைத்த காசை முதலில் அங்கே போடுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்பது முக்கியம்.

என்ன வாங்கலாம்

மூன்று வழி இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வழியே போதும் என்பது என் எண்ணம்.

முதல் வழி, கம்பனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு சொக்கை மட்டும் அட்ஜஸ்டபிள் ஆக்குவது. உயரம் ஒரு மில்லிமீற்றர்கூட மாறத் தேவையில்லை. டெயின் கம்பனியின் எண்டூராப்ரோ பிளஸ் இதற்கென்றே செய்தது, அசல் ஸ்பிரிங்கோடு பூட்டலாம், 16 படி இறுக்கம் மாற்றலாம். கோனியின் மஞ்சள் நிறச் சொக்கில் ரிபவுண்டை, அதாவது சொக் நீளும்போது உள்ள இறுக்கத்தை, மட்டும் மாற்றலாம், ஆனால் சில கார்களுக்கான மொடலில் சொக்கைக் கழற்றி அமுக்கித்தான் திருக வேண்டும், அதனால் வாங்கும்முன் உங்கள் கார் மொடலுக்கு மேலே திருகு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்ஸ்டீனில் கவனம் தேவை. பி6 அசல் உயரத்துக்கானது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்று நீளம் குறைத்துச் செய்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மலிவாகக் கிடைத்தது என்று பி8 வாங்கி அசல் ஸ்பிரிங்கோடு பூட்டினால் கீழ்நோக்கிய ட்ராவல் போய்விடும். இந்த இரண்டிலும் இறுக்கம் மாற்றும் திருகு கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வழி, முழு நீளமும் மாற்றக்கூடிய கொயிலோவர். இதில் சொக்கின் உடல் கீழே உள்ள பிராக்கெட்டுக்குள் திருகி இறங்கும், ஏறும். உயரத்தைக் கீழே மாற்றினால் மேலே ஸ்பிரிங்கும் சொக்கின் ட்ராவலும் இருந்தபடியே இருக்கும். டெயின் ஃப்ளெக்ஸ் இஸட் இந்த வகை. கம்பனி உயரத்தில் நிறுத்தி ட்ராக்கிலும் ஓட வேண்டும் என்பவருக்கு இதுதான் பொருத்தம்.

மூன்றாவது, ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் ஏற்றி இறக்கும் வகை. மோசம் என்று சொல்ல மாட்டேன், தாழ்த்துபவருக்கு அது சரி. நமக்கு உயரம் வேண்டும். தட்டை 10 மில்லிமீற்றர் ஏற்றினால் முன்பக்கம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உயரும், ஆனால் அதே 10 மில்லிமீற்றர் சொக் நீண்டு நிற்கும், சில்லு கீழே போகும் இடம் அந்த அளவு குறையும். தாழ்ந்த காருக்கென்று நீளம் குறைத்த சொக்கைத் தட்டை ஏற்றி ஏற்றிக் கம்பனி உயரத்துக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு கிடங்கிலும் சில்லு கீழே போக முடியாமல் "டக்" என்று மேலே அடிக்கும் சத்தம் கேட்கும்.

எந்த வழியானாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை படி மாற்றலாம்?" என்பதல்ல. "இதன் உயர எல்லை எங்கே இருந்து எங்கே வரை?" என்று கேளுங்கள். நிறைய செற்றில், குறிப்பாக ஐரோப்பியச் செற்றில், எல்லையே கம்பனி உயரத்துக்கு 20, 30 மில்லிமீற்றர் கீழேதான் தொடங்கும். எல்லைக்குள் பூச்சியம், அதாவது கம்பனி உயரம், இருக்க வேண்டும். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

ஸ்பிரிங் கணக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம். ஜப்பான் செற்றில் ஸ்பிரிங்கின் இறுக்கம் மில்லிமீற்றருக்கு இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். உதாரணத்துக்கு, முன்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் பாரம் 280 கிலோ என்று வைப்போம். 2.5 கிலோ ஸ்பிரிங் என்றால் அது 112 மில்லிமீற்றர் அமுங்கி நிற்கும். 5 கிலோ ஸ்பிரிங் 56 மில்லிமீற்றர்தான் அமுங்கும். இனி வளைவில் வெளிப்பக்கச் சில்லின் மேல் இன்னும் 100 கிலோ வந்து விழுகிறது. முதல் ஸ்பிரிங் 40 மில்லிமீற்றர் உள்ளே போகும், இரண்டாவது 20 தான். உயரத்தைத் தொடாமலே கார் சரிவது பாதியாகிவிட்டது. நாம் தேடிய பதில் இதுதான்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். சில்லு கிடங்குக்குள் இறங்கும்போது மெல்லிய ஸ்பிரிங் 112 மில்லிமீற்றர் வரை தள்ளிக்கொண்டு போய் டயரை நிலத்தோடு வைத்திருக்கும். இறுகிய ஸ்பிரிங் 56 இல் தளர்ந்துவிடும், அதற்கு மேல் சொக் நீண்டால் ஸ்பிரிங் தட்டில் இருந்து கழன்று கிலுகிலுக்கும். அதனால்தான் சில செற்றில் மேலே ஹெல்பர் ஸ்பிரிங் என்று ஒரு மெல்லிய ஸ்பிரிங் வைக்கிறார்கள். நம்ம கிரவல் பாதையையும் ட்ராக்கையும் சேர்த்து யோசித்தால், கம்பனி ஸ்பிரிங்கின் ஒன்றரை மடங்கு நல்ல தொடக்கம், இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது என் முடிவு. பின்னால் அரிசி மூட்டை ஏற்றுபவருக்குக் கொஞ்சம் இறுகிய பின் ஸ்பிரிங் உதவியாகவும் இருக்கும், பாரத்தில் கார் குந்துவது குறையும்.

ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு அசல் சொக்கை வைத்திருக்கவும் முடியாது. ஸ்பிரிங் இரண்டு மடங்கானால் அதை அதே அளவு அடக்க சொக்குக்கு ஏறத்தாழ 1.4 மடங்கு பலம் வேண்டும். இல்லையென்றால் கார் வாவியில் வள்ளம் போல ஆடிக்கொண்டே போகும்.

பழைய செற் வாங்குவதென்றால்

ஜப்பானில் கழற்றிய செற்றுகள் இங்கே வருகின்றன, புதியதன் விலையைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் அங்கேதான் போவார்கள், அதில் தவறில்லை. தண்டைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள், கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் சீல் நிலைக்காது. கையால் அமுக்கி விடுங்கள். காஸ் அடைத்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) சொக் தானாகவே மெல்ல வெளியே வர வேண்டும், வராமல் கிடந்தால் காஸ் போய்விட்டது. அமுக்கத் தொடங்கும்போது ஒரு சிறு தூரம் தடையே இல்லாமல் போனாலும் எடுக்காதீர்கள். திருகை முழுதும் மூடி, பிறகு முழுதும் திறந்து, கிளிக் ஒவ்வொன்றும் கேட்கிறதா, நாலிலும் ஒரே எண்ணிக்கையா என்று எண்ணுங்கள். உயர நட் துருவில் இறுகியிருந்தால் அது அட்ஜஸ்டபிள் செற் அல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

பூட்டும்போது

கராஜில் கொடுத்துப் பூட்டினாலும் பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள், அமுங்கிய ஸ்பிரிங் பறந்தால் முகம் போய்விடும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். சில்லு முழுதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ட்ரைவ் ஷாஃப்ட் ஜொயின்ட் அளவுக்கு மீறி மடங்குகிறதா என்று பாருங்கள். முழு நீளம் மாற்றும் கொயிலோவரைத் தேவைக்கு மேல் ஏற்றினால் இந்த இரண்டும்தான் முதலில் அடிபடும்.

இன்னொன்று, நிறைய இடத்தில் பிழைவிடுவது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் ஜக்கில் தொங்கும்போதே இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில் நின்று, கார் தன் உயரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும், உங்கள் உயர அளவும் பிழையாகக் காட்டும்.

பூட்டி முடிந்ததும் அதே அரிசி ஆலைத் தளம், அதே கொப்பி. பழைய அளவோடு நாலு மூலையும் ஒத்துவர வேண்டும். ஒரு கிழமை ஓடவிட்டு மறுபடி அளந்து, அதன் பிறகுதான் வீல் அலைன்மென்ட். உயரம் மாறாததால் பெரிதாகத் திருத்த இருக்காது, ஆனால் ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டியதால் கேம்பர் (சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு) கொஞ்சம் நகர்ந்திருக்கும். ட்ராக்கில் ஓட, முன்பக்கச் சில்லின் மேல்பாகம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருப்பது நல்லது, ஸ்ட்ரட்டின் அடியைச் சில்லுப் பக்கத்தோடு பூட்டும் போல்ட் ஒன்றுக்குப் பதிலாக கேம்பர் போல்ட் போட்டால் காரை இறக்காமலே அது கிடைக்கும்.

கிளிக் எண்ணுவது

டெயின் போன்றவற்றில் திருகை வலப்பக்கம் முழுதும் மூடினால் அதுதான் பூச்சியம், மிக இறுக்கம். அங்கிருந்து இடப்பக்கம் எண்ண வேண்டும். மூடும்போது முரட்டுத்தனம் வேண்டாம், உள்ளே இருக்கும் ஊசி பழுதாகும். நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

தண்டில் ஒரு கேபிள் டை கட்டி சீலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். ஓடி வந்து பார்த்தால் சொக் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அந்த டை காட்டும். பம்ப் ஸ்டொப்பரைத் தொட்டிருந்தால் கிளிக்கால் அதைத் தீர்க்க முடியாது, ட்ராவலோ ஸ்பிரிங்கோ போதவில்லை. இவ்வளவு மலிவான வேறு கருவி எனக்குத் தெரியாது.

ட்ராக்கில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், முன்னோ பின்னோ, இரண்டு மூன்று கிளிக் மாற்றி, டயர் காற்றையும் சேர்த்து எழுதுங்கள். மேட்டைத் தாண்டியபின் கார் இரண்டு முறை ஆடினால் இறுக்குங்கள். சிறு சிறு மேடுகளில் டயர் துள்ளிப் பிடிப்பை விட்டால் தளர்த்துங்கள். முன்சில்லு இழுக்கும் கார் வளைவில் வெளியே வெளியே போகிறதென்றால் பின்னால் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். மிக இறுக்கினால் நல்லது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ரிபவுண்ட் அளவுக்கு மீறினால் ஒரு மேட்டில் அமுங்கிய சொக் நீளும்முன் அடுத்த மேடு வந்துவிடும், கார் படிப்படியாகத் தானே கீழே இறங்கி ஸ்டொப்பரில் குந்தும். உயரத்தைக் காப்பாற்ற இவ்வளவு செய்துவிட்டு, அதைத் திருகாலேயே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பதற்குக் கல்லடிப் பாலத்தையோ ஏ4 வீதியின் நேர்த்துண்டுகளையோ பயன்படுத்த வேண்டாம். அங்கே மாடும் சைக்கிளும் பிள்ளைகளும் வருவார்கள். றோட்டில் பார்க்க வேண்டியது சத்தம் வருகிறதா, வசதியாக இருக்கிறதா என்பதை மட்டும், சாதாரண வேகத்தில்.

உப்பும் வெள்ளமும்

நம்ம கடற்காற்றில் கொயிலோவரின் புரி ஒரு மாரிக்குள் இறுகிவிடும். பூட்டும் நாளிலேயே புரியைத் துலக்கி, துருப்பிடிக்காத பூச்சு பூசுங்கள், திருகின் மேல் ரப்பர் மூடியைத் தொலைக்காதீர்கள். வெள்ளத்துக்குள் ஓடியிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கம் கழுவி, சொக்கின் தூசி மூடியைத் தூக்கி மணல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயர நட்டை அரைச் சுற்று இளக்கி மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் இறுகாது, எங்கே இருந்தது என்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு அசையுங்கள்.

ட்ராக்கில் இருந்து வெளிக்கிடும்முன் காற்றையும் கிளிக்கையும் றோட்டு நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அது கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். களைத்துப்போய், இருட்டில், செங்கலடி வந்து சேரும் வரை இன்னும் எத்தனையோ மணி நேரம் ஓட இருக்கிறது.